கெல்லியின் இரும்புக் கவசம்

1878-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாக் காட்டில் மூன்று போலீஸ்காரர்களைச் சுட்டுக் கொன்ற கூட்டத்தின் தலைவனும், கலப்பை இரும்பால் கவசம் செய்து பூண்டு 1880-இல் கிளென்ரோவனில் போரிட்டுப் பிடிபட்டு, அவ்வாண்டு நவம்பர் 11 அன்று மெல்போர்ன் சிறையில் தூக்கிலிடப்பட்டவனுமாகிய நெட் கெல்லியின் சரித்திரமே, உலகின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று இன்று போற்றப்படும் 1906-ஆம் ஆண்டுச் சித்திரமாயிற்று. பெருநிலக்காரர் மீதும் போலீஸார் மீதும் ஏழைக் குடியானவர் கொண்டிருந்த நியாயமான மனக்கசப்பே அவனை வீரனாக்கியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்தக் கவசத்தைக் கண்டு வியந்த ஜனங்கள், மாண்ட காவலரின் குடும்பங்களை மறந்தது அநீதியே. 1912-இல் விக்டோரியா அரசாங்கம் இத்தகைய படங்களைத் தடைசெய்தும் கெல்லியின் கீர்த்தி குன்றவில்லை. கொள்ளையன் கதையைப் படமெடுப்போர், அவன் கையால் மாண்டவனுக்கும் ஒரு முகமும் பெயரும் தரவேண்டும்.