வயலின் மறைத்த இசையமைப்பாளர்

தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் செட்டிநாட்டுச் சாலைகளெல்லாம் பழனியை நோக்கித் திரும்பிவிடும். நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடி, மலைமேல் வீற்றிருக்கும் சண்முகநாதரை வணங்கிப் பயணத்தைத் தொடர்வது பல தலைமுறை வழக்கம். அந்நாள்களில் அடிவாரத்து ஒலிபெருக்கிகள் விடியும் முன்பே முருகன் பாடல்களைத் தொடங்கிவிடும். மதுரை சோமுவின் குரலில் 'மருதமலை மாமணியே' எழும்போது, கால் கடுக்க நடந்து வந்தவர்களின் முகத்திலும் ஒரு தெளிவு தோன்றும்.

அந்தப் பாடலைப் பாடியவர் யார் என்று கூட்டத்தில் கேட்டால் பலரும் சொல்லிவிடுவர். எழுதியவர் கண்ணதாசன் என்பதும் சிலருக்குத் தெரிந்திருக்கும். மெட்டமைத்தவர் யார் என்ற கேள்விக்குத்தான் பெரும்பாலோரிடம் விடை இருக்காது. அவர் வெளியூர்க்காரரும் அல்லர்; இதே குன்றக்குடியில் பிறந்தவர். உலகம் அவரைக் குன்னக்குடி வைத்தியநாதன் என்று அறியும். ஊர்ப் பெயரின் பேச்சு வழக்கையே தம் பெயராக்கிக்கொண்ட அக்கலைஞரை வயலின் மேதையாக நாம் நினைவில் வைத்திருக்கிறோம். திரை இசையமைப்பாளராக ஏறக்குறைய மறந்துவிட்டோம்.

மேலைநாட்டு ராக் இசை ரசிகர்களிடம் நல்ல பழக்கம் ஒன்று உண்டு. புகழ்பெற்ற இசைக்குழுக்களின் வெற்றிப் பாடல்களோடு அவர்கள் நிறைவடைவதில்லை. அந்தக் குழுவின் எந்தப் பாடல் உரிய கவனம் பெறாமல் போயிற்று என்று தேடித் தேடிப் பட்டியலிடுவார்கள். 1966-இல் பீட்டில்ஸ் குழு 'பேப்பர்பேக் ரைட்டர்' என்ற பாடலை வெளியிட்டபோது, அந்த இசைத்தட்டின் மறுபக்கத்தில் 'ரெயின்' என்றொரு பாடல் இருந்தது. முதல் பக்கத்தின் புகழுக்கு அடியில் கிடந்த அப்பாடல், மறுபக்கத்தையும் திருப்பிப் போட்டுக் கேட்ட ரசிகர்களால் இன்று அக்குழுவின் சிறந்த பாடல்களுள் ஒன்றாகப் பேசப்படுகிறது. நம் கலைஞர்களின் இசைத்தட்டுகளுக்கும் மறுபக்கம் உண்டு. நாம்தான் திருப்பிப் போடுவதில்லை.

1935 மார்ச் 2-ஆம் நாள் பிறந்த வைத்தியநாதனுக்கு முதல் ஆசான் அவருடைய தந்தை இராமசாமி சாஸ்திரி. வடமொழியிலும் தமிழிலும் புலமை கொண்டவர், கீர்த்தனைகள் இயற்றியவர். சிறுவயதிலேயே அரியக்குடி இராமானுஜ ஐயங்கார், செம்மங்குடி சீனிவாச ஐயர் போன்ற பெரியோருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும் தகுதியை மகன் பெற்றார். பின்னர் தனிக் கச்சேரிகளில் இறங்கி, தவில் மேதை வலையப்பட்டி சுப்பிரமணியத்துடன் இணைந்து ஊர் ஊராக வாசித்தார். நெற்றி நிறையத் திருநீறும் பெரிய குங்குமப் பொட்டும் முகமெல்லாம் சிரிப்புமாக அவர் மேடையில் அமர்ந்தாலே கூட்டம் மகிழும். சங்கீத நாடக அகாதெமி விருதும் 2005-இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தன. 2008 செப்டம்பர் 8-ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தபோது, அஞ்சலிகளில் முன்னால் நின்றது வயலின்தான்.

இது இயல்பே. ஆனால், 1969 முதல் 1977 வரையிலான ஒன்பது ஆண்டுகளில் அவர் திரையில் செய்த பணியை ஒருசேர வைத்துப் பார்த்தால், அது தனியே வரலாறு எழுதத் தக்க அளவுடையது.

தொடக்கமே பிறர் படத்துக்குள் மறைந்துபோன ஒரு பாடல்தான். பூவை செங்குட்டுவன் எழுதிய 'திருப்பரங்குன்றத்தில் நீ சிரித்தால்' என்ற பாடலுக்கு மெட்டமைத்தவர் வைத்தியநாதன். தனி இசைத்தட்டாக வந்த அப்பாடலை இயக்குநர் ஏ.பி. நாகராஜன் விரும்பி 1967-இல் வெளிவந்த 'கந்தன் கருணை' படத்தில் சேர்த்துக்கொண்டார். சூலமங்கலம் ராஜலட்சுமியும் பி. சுசீலாவும் பாடினர். அப்படத்தின் இசையமைப்பாளர் கே.வி. மகாதேவன். சிறந்த இசையமைப்புக்கான தேசிய விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அது அந்தப் படத்துக்காக அவருக்கே கிடைத்தது. அந்த மாமேதை அதற்கு முழுத் தகுதி உடையவர் என்பதில் ஐயமில்லை. எனினும் படத்தின் பெயரோடு இசையமைப்பாளரின் பெயரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கத்தில், இந்த ஒரு பாடலின் மெட்டுக்கு உரியவர் பெயர் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

இரண்டாண்டுகள் கழித்து, 1969-இல், அதே நாகராஜன் 'வா ராஜா வா' படத்தில் அவரை முழு இசையமைப்பாளராக அறிமுகம் செய்தார். மாமல்லபுரத்தில் சுற்றுலா வழிகாட்டியாகப் பிழைக்கும் ஒரு சிறுவனின் கதை அது. பெரிய நட்சத்திரங்கள் இல்லை, சிற்பங்களும் சிறுவர்களும்தான். தொடர்ந்து வந்த 'திருமலை தென்குமரி', திருப்பதியிலிருந்து கன்னியாகுமரி வரை பேருந்தில் பயணம் போகும் பலதரப்பட்ட குடும்பங்களின் கதை. ஊர் மாற மாறப் பாட்டின் நிறமும் மாற வேண்டிய படம் அது. மனோரமா ஒன்பது வேடங்களில் தோன்றிய 'கண்காட்சி'யும் இவர் இசையில் வந்ததே. இன்று இம்மூன்று படங்களின் பாடல்களையும் தேடிக் கேட்பவர் மிகச் சிலரே. புராணப் படங்களுக்கு வெளியே வைத்தியநாதன் என்ன செய்தார் என்பதை அறிய விரும்புவோர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

1972 அவருடைய உச்ச ஆண்டு. சாண்டோ சின்னப்பா தேவரின் 'தெய்வம்' படத்தில் முருகன் தலங்களைச் சுற்றிப் பாடல்கள் அமைந்தன. மதுரை சோமு, பித்துக்குளி முருகதாஸ், ராதா - ஜெயலட்சுமி, பெங்களூர் ரமணியம்மாள், சூலமங்கலம் சகோதரிகள், டி.எம். சௌந்தரராஜன், சீர்காழி கோவிந்தராஜன் என்று அந்தப் படத்தில் பாடியவர்களின் பட்டியலே ஒரு இசைவிழாவின் நிகழ்ச்சி நிரல்போல இருக்கும். இவர்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு மரபிலிருந்து வந்தவர்கள். சோமு கச்சேரி மேடைக்காரர். முருகதாஸ் பஜனை மரபில் தோய்ந்தவர். ரமணியம்மாளின் குரலில் திருவிழாக் கூட்டத்தின் ஆரவாரம் இருக்கும்.

இங்கேதான் இசையமைப்பாளரின் திறம் வெளிப்படுகிறது. தம் மெட்டுக்கு ஏற்பப் பாடகர்களை வளைக்காமல், பாடகரின் மரபுக்கு ஏற்ப அவர் மெட்டமைத்தார். சோமுவுக்குத் தர்பாரி கானடாவைக் கொடுத்து, குரல் நின்று நிதானித்து விரிவதற்கு இடம் விட்டார். ரமணியம்மாளுக்குக் கைதட்டி உடன் பாடத்தக்க துள்ளலைக் கொடுத்தார். முருகதாஸ் பாடும்போது பஜனை மடத்தில் அமர்ந்திருக்கும் உணர்வு வருகிறது. ஒரே படம், ஒரே இசையமைப்பாளர். ஆனால் அடுத்தடுத்துக் கேட்டால் தமிழகத்தின் பக்திப் பாடல் முறைகள் பலவும் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டிருப்பதை உணரலாம். 'மருதமலை'ப் பாடல் மட்டும் கொடிகட்டிப் பறக்க, முருகதாஸ் பாடியதும் ராதா - ஜெயலட்சுமி பாடியதும் அதன் நிழலில் தங்கிவிட்டன. அவை இரண்டும் மறுபடி கேட்கப்பட வேண்டியவை.

இதில் செட்டிநாட்டுக்கு ஒரு தனிப் பெருமையும் உண்டு. பாடல்களை எழுதிய கண்ணதாசன் சிறுகூடல்பட்டியில் பிறந்தவர், இசையமைத்தவர் குன்றக்குடிக்காரர். இன்றைய சிவகங்கை மாவட்டத்தின் இரண்டு ஊர்கள் கோவை மருதமலைக்குச் செய்த காணிக்கை அப்பாடல்.

அதே ஆண்டு வந்த 'அகத்தியர்' படத்தில் இராவணனுக்கும் அகத்தியருக்கும் நடக்கும் இசைப் போட்டிப் பாடல் இன்றும் தொலைக்காட்சி மேடைகளில் பாடப்படுகிறது. சௌந்தரராஜனும் சீர்காழியும் மோதிக்கொள்ளும் அப்பாட்டின் கட்டுமானம் நுட்பமானது. நாட்டை, தோடி, ஆரபி, வசந்தா, மோகனம் என்று ராகங்களின் பெயர்கள் வரிகளுக்குள் பொருளோடு புதைந்து வரும். பெயர் வரும் இடத்தில் மெட்டும் அந்த ராகத்துக்குள் நுழையும். 'நாட்டை' என்பது கதையில் தேசத்தையும் இசையில் ராகத்தையும் ஒருசேரக் குறிக்கும். ராக இலக்கணம் அறியாத எளிய ரசிகருக்கும் ராகம் மாறுவதைக் காதால் கற்பிக்கும் பாடம் அது. மேடையில் இளம் பாடகர்கள் இதைப் பாடி முடித்ததும் இரு பாடகர்களின் பெயரும் போற்றப்படும். இப்படியொரு பாடத்தை வகுத்தவர் பெயரையும் உடன் சொல்வதே முறை.

அடுத்த ஆண்டு, தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' அவர் இசையில் வந்தது. கே.பி. சுந்தராம்பாள் நடித்துப் பாடிய 'காரைக்கால் அம்மையார்' படத்துக்கும் அவரே இசை. நாடக மேடையில் ஒலிபெருக்கியின் துணையின்றி வளர்ந்த அந்தப் பெருங்குரலுக்கு, சிவதாண்டவத்தின் வேகத்தில் ஒரு பாடலை அமைத்துக் கொடுத்தார்.

இவற்றையெல்லாம் கேட்டு, இவர் பக்திப் பாடல்காரர் என்று முடிவு கட்டிவிடுவோருக்கு இரண்டு படங்களைச் சுட்டலாம். 1975-இல் வந்த 'மேல்நாட்டு மருமகள்' படத்தில் உஷா உதுப் ஒரு ஆங்கிலப் பாடலைப் பாடினார். சென்னை அண்ணா சாலையின் இரவு விடுதி மேடையில் பாடத் தொடங்கியவர் உஷா உதுப். குன்றக்குடி மலையடிவாரத்தில் கீர்த்தனை கற்றுத் தொடங்கியவர் வைத்தியநாதன். இருவரும் ஒரு பாப் பாடலில் சந்தித்திருக்கிறார்கள். 1977-இல் எம்.ஜி.ஆர். நடித்த 'நவரத்தினம்' படத்தில், கர்நாடக இசையின் சிகரங்களுள் ஒருவரான பாலமுரளிகிருஷ்ணாவை வாணி ஜெயராமுடன் சேர்த்துக் 'குருவிக்கார மச்சானே' என்று நாட்டுப்புற மெட்டில் பாட வைத்தார். பெரிய வித்வானிடம் இப்படியொரு பாட்டைக் கொண்டுபோகத் துணிவு வேண்டும்; அதைப் பாட வைக்க நட்பும் நம்பிக்கையும் வேண்டும். இவ்விரண்டு பாடல்களும்தான் இவருடைய இசைத்தட்டின் உண்மையான மறுபக்கம்.

பிறகு ஏன் மறந்தோம்? முதற்காரணம் காலம். 1976-இல் 'அன்னக்கிளி' வந்து தமிழ்த் திரையிசையின் திசையை மாற்றியது. மறு ஆண்டே ஏ.பி. நாகராஜன் காலமானார். தம் திறமையை முழுதும் அறிந்து வாய்ப்பளித்த இயக்குநரை வைத்தியநாதன் இழந்தார். பின்னர் 1983-இல் டி.என். சேஷகோபாலனைக் கதாநாயகனாக்கி 'தோடி ராகம்' என்ற படத்தைத் தாமே தயாரித்துப் பார்த்தார். ஆனால் காலம் அதற்குள் வெகுதூரம் நகர்ந்திருந்தது.

இரண்டாவது காரணம் நம் பார்வை. வயலினில் திரைப்பாடல்களையும் வாசித்ததால், கச்சேரி உலகின் ஒரு பகுதியினர் அவரை ஜனரஞ்சகக்காரர் என்று ஒதுக்கினர். பக்திப் படங்களுக்கே பெரிதும் இசையமைத்ததால், திரையிசை ஆர்வலர்கள் அவரைக் கோயில் பாடல்களின் கணக்கில் எழுதிவிட்டனர். இரண்டு வீட்டுக்கும் உறவினராக இருந்தவர், எந்த வீட்டுக் குடும்ப அட்டையிலும் பெயர் இல்லாதவராகிப் போனார்.

மூன்றாவது காரணம் சற்று விந்தையானது. கோயில் ஒலிபெருக்கியில் ஏறிய பாட்டு சாமிக்குச் சொந்தமாகிவிடுகிறது. பக்தர் அதைத் தெய்வத்தின் பாட்டாகவே கேட்கிறார். படைத்தவர் பெயர் மறைந்து மெட்டு மட்டும் ஊராரின் நாவில் நிற்பது எந்தக் கலைஞனுக்கும் பெருமைதான் என்று சொல்வோரும் உண்டு. நாட்டுப்புறப் பாடல்களுக்கு அது பொருந்தலாம். பெயர் தெரிந்த, நம் கண்முன் வாழ்ந்த ஒருவரின் உழைப்பைப் பெயரற்றதாக்குவது பெருமையாகாது, மறதியாகும். பெயர் மறைந்தால் அதன் பின்னால் மற்றப் பாடல்களைத் தேடிச் செல்லும் வழியும் அடைபட்டுப் போகிறது. 'மருதமலை'யை விரும்பும் இளைஞர் ஒருவர், இவர் வேறு என்ன செய்திருக்கிறார் என்று கேட்டால்தானே 'வா ராஜா வா'வுக்கும் 'நவரத்தின'த்துக்கும் போய்ச் சேர முடியும்?

ஆகவே, செய்ய வேண்டியவை எளியவைதாம். பாடல்களை ஒலிபரப்பும் வானொலிகளும் செயலிகளும் பாடகர் பெயரோடு இசையமைப்பாளர் பெயரையும் தவறாது தர வேண்டும். பிறர் இசையமைத்த படத்துக்குள் இருக்கும் தனிப் பாடலுக்கு அதன் உரியவரைக் குறிப்பிட வேண்டும். பழைய இசைத்தட்டுகளை வைத்திருப்போர் செட்டிநாட்டு வீடுகளில் இன்னும் இருப்பர். பரணில் கிடக்கும் அவற்றைக் குப்பைக்கோ பழைய பொருள் கடைக்கோ அனுப்புமுன், யாருடைய பாட்டு என்று ஒருமுறை பார்க்க வேண்டும். இசைக் கல்லூரி மாணவர்கள் இந்த ஒன்பது ஆண்டுப் படைப்புகளை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம். 2035-இல் அவருடைய நூற்றாண்டு வருகிறது. அதற்குள் அவர் இசையமைத்த படங்களின் பாடல்கள் அனைத்தையும் முறையாகப் பட்டியலிட்டுத் தொகுத்துவிட்டால், விழா மேடையின் புகழுரைகளைவிட அது நிலைத்த அஞ்சலியாக இருக்கும்.

அதற்கு முன்னோட்டமாகக் குன்றக்குடியிலேயே ஒன்றைச் செய்யலாம். அடுத்த தைப்பூசத்தில், அடிவாரத்தில் ஒலிபெருக்கி அமைப்பவர் 'மருதமலை மாமணியே' பாடலை ஒலிக்கவிடுமுன் ஒரே ஒரு வரி சொல்லட்டும்: இந்தப் பாட்டுக்கு இசையமைத்தவர் நம் ஊர்க்காரர். காவடியோடு நிற்கும் சிறுவன் ஒருவன் அதைக் கேட்டு, அவருடைய வேறு பாட்டு எது என்று வீட்டில் கேட்டால், அதுவே நல்ல தொடக்கம்.