கோட்டையில் கொடி ஏற்றிய ஓவியர்

சித்தூரிலும் திருப்பதியிலும் ஆகஸ்டு 15-ந் தேதி அலுவலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் மூவர்ணக்கொடி ஏறுகிறது. மரியாதையோடு வணங்குகிறோம். அந்தக் கொடி ஒரு காலத்தில் அரசாங்கத்தை எதிர்ப்பவர்களின் கொடியாக இருந்தது என்பதை எண்ணிப் பார்ப்பவர் குறைவு.

ஓவியர்கள் கொடியைக் கொண்டே எதிர்ப்பைக் காட்டுவது உலகெங்கும் உண்டு. அமெரிக்க கறுப்பினக் கலைஞர் டேவிட் ஹாமன்ஸ், 1990-ல் தம் நாட்டுக் கொடியைச் சிவப்பு, கறுப்பு, பச்சை நிறங்களில் மாற்றி அமைத்தார். கறுப்பின விடுதலை இயக்கத்தின் நிறங்கள் அவை.

நம் நாட்டில் இது அதற்கு வெகுகாலம் முன்பே நடந்துவிட்டது.

தெலுங்கர் வரைந்த கொடி

1921-ல் விஜயவாடாவில் கூடிய காங்கிரஸ் கமிட்டியின்போது, ஆந்திரரான பிங்கலி வெங்கய்யா தாம் வரைந்த கொடியைக் காந்தியடிகளிடம் கொடுத்தார். சிவப்பும் பச்சையும் இருந்த அதில் பிறகு வெள்ளையும் ராட்டையும் சேர்ந்தன. 1931-ல் சிவப்பு, காவி ஆயிற்று. 1947 ஜூலை 22-ந் தேதி ராட்டையின் இடத்தில் அசோகச் சக்கரம் வந்தது.

தமிழர் ஏற்றிய கொடி

1932 ஜனவரியில் திருப்பூரில் கொடி ஏந்திச் சென்ற குமரன் தடியடிபட்டு உயிர் நீத்தார். அதே மாதம் 26-ந் தேதி சென்னை ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தில், வெள்ளையர் கொடி பறந்த இடத்தில் மூவர்ணக்கொடி பறந்தது. இரவோடு இரவாக ஏறிக் கட்டியவர் ஆர்யா என்ற பாஷ்யம். தம் வேட்டியிலேயே வண்ணம் தீட்டினார் என்று சொல்வார்கள். தலைப்பாகையோடு நாம் காணும் பாரதியார் படத்தை வரைந்த ஓவியரும் இவரே!

அன்று சித்தூரும் திருப்பதியும் சென்னை மாகாணத்தில் இருந்தவை. அந்தக் கோட்டையிலிருந்துதான் இந்த ஊர்களுக்கும் உத்தரவு வந்தது. ஆகவே அந்தக் கொடி நம் ஊருக்காகவும் ஏறியதே.

1953-ல் ஆந்திரம் பிரிந்தது. எல்லைச் சண்டை மூண்டது. 1960-ல் திருத்தணி தமிழகம் சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. எல்லை பிரிந்தது, கொடி பிரியவில்லை.

இன்று கொடியை எரித்தால், கிழித்தால் 1971-ம் ஆண்டுச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் கொடியைச் சட்டத்துக்கு உட்பட்டு மாற்ற வேண்டும் என்று விமர்சித்துப் பேசுவது குற்றம் அல்ல என்றும் அதே சட்டம் சொல்கிறது. எதிர்ப்பில் வளர்ந்த கொடிக்கு அதுவே பொருத்தம்.

தெலுங்கர் கை வரைந்தது. தமிழர் கை கோட்டையில் ஏற்றியது. பிழைக்க வந்த ஊரில் "நீ வெளியூர்க்காரன்" என்று யாராவது சொன்னால், கொடிமரத்தைக் காட்டலாம்.