மோட்டார்ப் பட்டறையும் மின்கட்டணமும்

அயல் மாநிலங்களில் வாடகைக் கொட்டகையில் மோட்டார்ப் பட்டறை நடத்தும் நம்மவர் சிலர், இடத்துக்காரர் சொல்லும் யூனிட் விலையையே கொடுத்து வருகின்றனர். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவோ, உரிமையாளரேயன்றி இடத்தை அனுபவிப்போரும் மின் இணைப்புக் கோரலாம் என்கிறது. வாடகை ஒப்பந்தம் கைவசம் இருத்தல் நலம்.

விண்ணப்பத்தில் எழுதும் மின்பளுவில்தான் சூட்சுமம். 5 குதிரைத்திறன் கம்ப்ரஸர் என்றால் ஏறத்தாழ 3.7 கிலோவாட். வேலையற்ற மாதத்திலும் நிலைக்கட்டணம் உண்டு. பல மாநிலங்களில் அது இப்பளுவைப் பொறுத்தது. மிகுத்து எழுதினால் வீண்செலவு. குறைத்து எழுதினால் தண்டம்.

இனி, யூனிட் கணக்கு. கம்ப்ரஸர் வீணே விழுங்குவதை இரவில் கண்டறிவோம். கருவிகளையெல்லாம் நிறுத்தியபின், ஒருவரும் காற்றெடுக்காதபோதே அது மீண்டும் மீண்டும் ஓடுமாயின், குழாயில் எங்கோ கசிவு இருக்கிறது. இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.