மூங்கில் பிரஷ் வாங்கலாமா?

கடைகளில் மூங்கில் பிடி போட்ட பல் பிரஷ் விற்கிறார்கள். "பிளாஸ்டிக்கே கிடையாது" என்றும் சொல்கிறார்கள். வாங்கலாம், ஆனால் விவரம் தெரிந்து வாங்குங்கள்.

மூங்கில் என்பது பிடி மட்டும்தான். பல்லில் படும் நார் பெரும்பாலும் நைலான். 1938-இல் நைலான் பிரஷ் வருவதற்கு முன் பன்றி முடியைத்தான் வைத்தார்கள். இன்றும் பிளாஸ்டிக் அறவே இல்லாத சில பிரஷ்களில் அதுதான் இருக்கிறது. வேண்டாம் என்பவர்கள் கேட்டு வாங்குங்கள்.

நம் ஊர் ஈரத்தில் மூங்கில் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். தண்ணீரை உதறி, காற்றுப்படும் இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். மூன்று, நான்கு மாதத்தில் மாற்றுங்கள். பிறகு நாரைக் குறட்டால் பிடுங்கிவிட்டுப் பிடியை மண்ணில் புதைக்கலாம். பிளாஸ்டிக் பிரஷ்ஷை லயத்துக்குப் பின்னால் கொளுத்தாதீர்கள். அந்தப் புகை பிள்ளைகள் நெஞ்சுக்குள்தான் போகும்.

"அப்ப மூங்கில்ல தேய்ச்சா பல் கெடாதா?" என்று கேட்காதீர்கள். பல்லைக் காப்பது பிடியல்ல, புளோரைட் உள்ள பற்பசை. 'எல்லாம் இயற்கை' என்று கரித்தூளுக்கும் செங்கல் பொடிக்கும் திரும்பினால் பல்லின் மேல்பூச்சு தேய்ந்துபோகும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அரிசி மணி அளவு பசை போதும். ஆறு வயது வரை பட்டாணி அளவு.

காலையில் பிரட்டுக்கு ஓடும் அவசரத்தில் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதாது. இரவு படுக்குமுன் இரண்டு நிமிடம் கட்டாயம் தேய்க்க வேண்டும்.

கையில் காசு குறைவா? மலிவான, மென்மையான பிளாஸ்டிக் பிரஷ்ஷே போதும். ஆளுக்கு ஒன்று இருக்கட்டும். மிச்சக் காசில் நல்ல பசை வாங்குங்கள். பல்வலியால் ஒருநாள் வேலை போனால் அந்தச் சம்பளத்தில் எத்தனை பிரஷ் வாங்கலாம், கணக்குப் போட்டுப் பாருங்கள்!