இசைக்குழலின் வெள்ளிச் சாவிகள்

ஊதி இசைக்கும் கருவிகளுள் குழல் மிகத் தொன்மையானது. மூங்கிற் குழலின் துளைகளை விரல்களே மூடித் திறக்கின்றன. மேலைநாட்டுக் குழலிலும் கிளாரினெட்டிலுமோ, விரல் எட்டாத இடங்களிலும் துளைகள் உண்டு. ஆதலின், அவற்றை மூடுவதற்கு உலோகத்தாலாகிய சிறு மூடிகளும் நெம்புகோல்களும் அமைக்கப்பட்டுள்ளன. ஆங்கிலத்தில் ‘கீ’ என வழங்கும் இவற்றை நாம் சாவிகள் எனலாம்.

இச்சாவிகளின் அமைப்பைச் செம்மை செய்தவருள் தலைசிறந்தவர் தியோபால்டு போம் என்பவர். அவர் 1794-ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள மியூனிக் நகரில் பிறந்தார். பொற்கொல்லர் தொழிலைக் கற்ற அவர், குழல் வாசிப்பதிலும் வல்லவராக விளங்கினார். 1832-இல் புதியதொரு சாவி அமைப்பை வகுத்தார். 1847-இல் உருளை வடிவான உலோகக் குழலை உருவாக்கினார். அவருடைய கருத்தைத் தழுவியே பாரிசு நகரத்தார் கிளாரினெட்டையும் திருத்தி அமைத்தனர். நம் நாட்டில் ஏ. கே. சி. நடராஜன் கருநாடக இசையை வாசித்துப் புகழ்பெற்ற கருவியும் கிளாரினெட்டே.

சாவிகளுட் சில முழு வெள்ளியால் ஆனவை. பல, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகத்தாற் செய்து, மேலே வெள்ளி முலாம் பூசப்பெற்றவை. அம்முலாம் நாம் எழுதும் தாளினும் மெல்லியது. புதிதாக இருக்கும்பொழுது நிலவொளிபோல் விளங்கும் இச்சாவிகள், நாளடைவில் மஞ்சளித்துப் பழுப்பேறி, முடிவில் கறுத்துவிடுகின்றன. இதற்குக் காரணம் யாது?

இரும்பு துருப்பிடிப்பது போன்றதே இதுவும் எனச் சிலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. தூய காற்று வெள்ளியைக் கறுக்கச் செய்வதில்லை. காற்றிற் சிறிதளவு கலந்திருக்கும் கந்தக ஆவியே அவ்வாறு செய்கின்றது. கந்தகம் வெள்ளியோடு கூடி வெள்ளிச் சல்பைடு என்னும் கரிய படலமாகின்றது. ஈரம் இச்செயலை விரைவுபடுத்தும். விரல்களின் வியர்வை, முட்டை உண்ட கையின் பிசுக்கு, ரப்பர் வளையம், கம்பளித் துணி ஆகியவற்றாலும் கந்தகம் சாவிகளை அடையும்.

இங்கு நாம் கருதவேண்டிய உண்மை ஒன்று உண்டு. அக்கரிய படலத்திலும் வெள்ளி கலந்திருக்கின்றது. ஆதலின், கறையைத் தேய்க்குந்தோறும் வெள்ளியையே தேய்த்துக் குறைக்கின்றோம். நம் இல்லங்களில் வெள்ளிப் பாத்திரங்களைத் திருநீற்றாலும், பித்தளை விளக்கைப் புளியாலும் துலக்குவர். அவ்வாறே சாவிகளையும் துலக்கினால் என்ன ஆகும்? பொடி அச்சுகளினுள் புகுந்து, சாவிகளின் இயக்கத்தைத் தடுக்கும். புளிப்பும் நீரும் எஃகு வில்களைத் துருவேற்றும். மூடிகளின் அடியில் மெல்லிய படலம் போர்த்த சிறு மெத்தைகள் உள்ளன; அவை நனைந்தால் பருத்துச் சுருங்கித் துளையைச் சரிவர மூடமாட்டா. காற்று கசியும், சுரம் பிறழும். கறையோ இசையைக் கெடுப்பதில்லை. கறையைப் போக்க மேற்கொள்ளும் முரட்டு முயற்சியே கெடுக்கின்றது!

வெந்நீரில் சோடா உப்பைக் கரைத்து, அலுமினியத் தகட்டின்மேல் வெள்ளிப் பொருளை வைத்தால், அலுமினியம் கந்தகத்தைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும். வெள்ளி பழைய நிறம் பெறும். இம்முறை கரண்டிக்கும் கிண்ணத்துக்கும் ஏற்றது. சாவிகளுக்கோ, கைதேர்ந்த தொழிலாளர் அவற்றைக் கழற்றி, மெத்தைகளையும் வில்களையும் நீக்கிய பின்னரே இது பொருந்தும். வெள்ளிக்குப் பதிலாக நிறமற்ற மெருகெண்ணெய் பூசிய பித்தளைச் சாவிகளை மெருகுப் பொடியால் தேய்த்தல் கூடாது, பூச்சு போய்விடும்.

அங்ஙனமாயின் நாம் செய்யத்தக்கது யாது? வருமுன் காத்தலே. வாசிக்குமுன் கைகளைக் கழுவி உலர்த்துக. வாசித்து முடித்தவுடன் குழலின் உட்புறத்து ஈரத்தைத் துணியால் நீக்குக. ஈரம் பட்ட மெத்தையின்கீழ் மெல்லிய உறிஞ்சுதாளை வைத்து ஒற்றி எடுக்க. மூடியை அழுத்தியவாறே தாளை இழுத்தால் மெத்தை கிழிந்துபோகும். பின்னர், மென்மையான பருத்தித் துணியால் சாவிகளை மெல்லத் துடைக்க. நெம்புகோல்கள் வளையாவண்ணம் விரலின் விசை மிகாதிருத்தல் வேண்டும். துடைத்த கருவியை உடனே பெட்டியில் வைத்து மூடுக. பெட்டியினுள் கந்தக ஆவியை ஈர்க்கும் தாளையும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளையும் வைத்தல் நன்று. ஈரத்துணியையும் ரப்பர் வளையத்தையும் உள்ளே வைத்தல் தீது.

இவ்வளவுக்கும் நாள்தோறும் சில நிமிடங்களே வேண்டும். ஓராண்டு புறக்கணித்துவிட்டு ஒருநாள் வலிந்து தேய்ப்பவன் கருவியின் வாணாளைக் குறைக்கின்றான். நாள்தோறும் மெல்லத் துடைப்பவனோ அதன் ஒளியையும் ஒலியையும் ஒருங்கே காக்கின்றான். குழற்கருவிக்கு மட்டுமன்று, நாம் பயன்கொள்ளும் பொருள்கள் பலவற்றுக்கும் இது பொருந்தும் அன்றோ?