சூரியனையும் நிலாவையும் சேர்த்துப் பார்த்ததுண்டா?

ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

போன மாசம் மூன்றாம் தேதி மத்தியானம் உங்கள் வீட்டில் என்ன குழம்பு? ஞாபகம் வருகிறதா? வராது. சரி, முதன்முதலாகக் கடலைப் பார்த்த நாள்? அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது, பாதத்துக்கு அடியில் மணல் நழுவியது, பயத்தில் கத்தியது... எல்லாம் அப்படியே வந்து நிற்கிறதல்லவா?

எத்தனையோ ஆயிரம் நாட்களைத் துடைத்துப் போட்டுவிடுகிற மூளை, அந்த ஒரு நாளை மட்டும் ஏன் பத்திரமாக வைத்திருக்கிறது? அப்படிப்பட்ட நாட்களை நாமாகவே வீட்டில் உள்ளவர்களுக்கு உண்டாக்கிக் கொடுக்க முடியுமா?

முடியும். அதற்கு முன்னால் ஒரு பாட்டியின் கதையைக் கேளுங்கள்.

'பக்கத்துலதானே இருக்கு!'

கன்னியாகுமரி மாவட்டத்தில், தோவாளைப் பக்கம் ஒரு கிராமம். பாட்டிக்கு வயது எழுபத்து நான்கு. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கன்னியாகுமரி. பகவதி அம்மனைக் கும்பிட எத்தனையோ தடவை போய் வந்தவர்தான். ஆனால் சித்ரா பௌர்ணமி மாலையில் சூரியன் மறைவதையும் நிலா உதிப்பதையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை. பசு மாட்டைப் பார்க்க வேண்டும், விளக்கு ஏற்ற வேண்டும் என்று பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவார்.

"பக்கத்துலதானே இருக்கு, அடுத்த சித்திரைக்குப் போவோம்னு அவரு சொல்லிக்கிட்டே இருந்தாரு மக்ளே. நானும் சரி சரின்னேன். முப்பது சித்திரை போயாச்சு" என்றார் என்னிடம்.

அந்த 'அவர்' இப்போது இல்லை. பாட்டிக்கும் முட்டு வலி. போதாக்குறைக்கு இரண்டு கண்ணிலும் புரை. சென்னையில் வேலை பார்க்கும் பேரன் லீவில் வந்தபோது விஷயம் தெரிந்து, முதலில் கண் டாக்டரிடம் அழைத்துப் போனான். ஆபரேஷன் முடிந்தது. அடுத்த சித்திரையில் ஒரு மடக்கு நாற்காலியையும் தூக்கிக்கொண்டு பாட்டியைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனான்.

"ஒரு பக்கம் சூரியன் முங்குது. மறு பக்கம் நிலா பொங்கி வருது. எதைப் பாக்கதுன்னு தெரியல. அவரு இருந்தா காட்டியிருக்கலாம்..."

சொல்லும்போது பாட்டியின் குரல் கம்மிவிட்டது. காலையில் மாத்திரை போட்டோமா என்பதைக்கூட மறந்துவிடுகிறவர், அந்த மாலையை மட்டும் ஒன்றுவிடாமல் சொல்கிறார்.

மூளை செய்கிற வேலை

மூளையில் 'ஹிப்போகேம்பஸ்' என்று ஒரு பகுதி. புது அனுபவங்களை ஞாபகமாகப் பதிய வைப்பது இதன் வேலை. அதை ஒட்டியே இருக்கிறது 'அமிக்டலா'. பயம், வியப்பு, மகிழ்ச்சி போன்ற உணர்ச்சிகளோடு சம்பந்தப்பட்ட பகுதி. மனசு பொங்குகிற நேரத்தில் அமிக்டலா, 'இது முக்கியம், அழுத்திப் பதிய வை' என்று பக்கத்து வீட்டுக்குத் தகவல் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதனால்தான் குழம்பு மறந்து போகிறது, கடல் நிற்கிறது.

வாசனைக்கு இன்னும் குறுக்கு வழி உண்டு. மூக்கிலிருந்து புறப்படும் செய்தி இந்தப் பகுதிகளுக்கு மிகச் சுருக்கமான பாதையில் போய்விடுகிறது. பிச்சிப்பூ வாசனை வந்ததும் மறைந்த பாட்டியின் முகம் வருவது இதனால்தான்.

இன்னொன்று. பதிந்த ஞாபகம் கெட்டிப்படுவது தூக்கத்தில். ஒரே நாளில் ஏழு இடம் பார்த்துவிட்டு ராத்திரி பூராவும் வேனில் உட்கார்ந்து வந்தால் எது மனசில் நிற்கும்? வேனில் வந்த முதுகு வலிதான் நிற்கும்!

அந்த மாலையின் ரகசியம்

பௌர்ணமியன்று சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவே பூமி இருக்கிறது. ஆகவே மேற்கே சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி, கிழக்கே நிலா எழும். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். நம் ஊரில் ஒன்றை மாடி வீடு மறைக்கும், இன்னொன்றை மலையோ மரமோ மறைக்கும். குமரி முனையில் இரண்டு பக்கமும் கடல். சித்திரையில் இரண்டையும் கடல் மேலேயே பார்க்க முடிகிறது. மாலை ஆறரை மணி சுமாருக்கு இந்த அதிசயம் நடக்கும். சில வருஷம் இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். மேகம் வந்தால் ஏமாற்றமும் உண்டு. அதற்கும் தயாராகப் போங்கள்.

ஜூன் மாதம் போனால் சூரியன் வடக்கே தள்ளி, நிலத்துக்குப் பின்னால் மறையும். கடலில் இறங்கும் சூரியனைப் பார்க்க அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல காலம்.

கண்ணுக்கு மட்டுமல்ல...

நாஞ்சில் நாட்டிலும் சுற்றுப்புறத்திலும் மனசில் தங்குகிற இடங்களுக்குப் பஞ்சமே இல்லை.

மூக்குக்கு, தோவாளைப் பூச்சந்தை. விடிவதற்கு முன்னால் குழந்தைகளை எழுப்பிக் கூட்டிப் போங்கள். குவியல் குவியலாகப் பூ! அந்த வாசனை அவர்களோடு வளரும்.

பாதத்துக்கு, தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை. 1795 வரை திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தின் தலைநகரம் இங்கேதான் இருந்தது. மர வேலைப்பாட்டை அண்ணாந்து பார்க்கும்போதே பாதத்துக்கடியில் வழவழவென்று குளிர்ந்த கறுப்புத் தரை. படிகள் செங்குத்தானவை. முட்டு வலிக்காரர்கள் கீழேயே ரசிக்கலாம். திங்கட்கிழமை விடுமுறை.

நெஞ்சு படபடப்புக்கு, மாத்தூர் தொட்டிப்பாலம். காமராஜர் முயற்சியில் உருவாகி 1966-ல் முடிந்தது. கீழே பறளியாறு ஓட, சுமார் 115 அடி உயரத்தில் தொட்டியில் பாசனத் தண்ணீர் போகும். அதன் ஓரமாக நாம் நடந்து போகலாம்! தலைசுற்றல் உள்ளவர்கள் மேலே ஏற வேண்டாம். கீழே நின்று தூண்களைப் பார்த்தாலே போதும்.

காலண்டரில் குறித்துக்கொள்ள, குமரி காந்தி மண்டபம். 1948-ல் காந்திஜியின் அஸ்தி வைக்கப்பட்ட இடத்தில், அக்டோபர் 2-ம் தேதி நண்பகலில் கூரைத் துவாரம் வழியாகச் சூரிய ஒளி விழும்படி கட்டியிருக்கிறார்கள்.

மறக்க முடியாத கஷ்டமும் உண்டு

இதே கடல்தான் 2004 டிசம்பர் 26 அன்று குளச்சல், மணக்குடி என்று கடலோர ஊர்களைப் புரட்டிப் போட்டது. அன்று காலை விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கானோர் சிக்கித் தவித்தார்கள். அந்தக் காட்சியும் பார்த்தவர்களின் மனதை விட்டுப் போகாது. நல்லதை அழுத்திப் பதிக்கும் அதே மூளை, பயத்தையும் அழுத்திப் பதிக்கிறது.

இப்படி ஏதாவது ஒரு பழைய சம்பவம் திரும்பத் திரும்பக் கண்முன் வந்து தூக்கத்தைக் கெடுக்கிறதா? 'எல்லாம் சரியாப் போயிடும்' என்று வருஷக்கணக்கில் விடாதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. கடலைக் கண்டு அழுகிற குழந்தையை 'பயப்படாதே' என்று இழுத்துப்போய்த் தண்ணீரில் நிறுத்துவதும் வேண்டாம். அதுவும் ஆயுசுக்கும் நிற்கும்.

செல்போனைக் கொஞ்சம் பையில் வையுங்கள்

அமெரிக்க உளவியல் நிபுணர் லிண்டா ஹென்கல் ஓர் ஆய்வு செய்தார். 2014-ல் வெளியானது. மியூசியத்தில் சில பொருட்களைப் போட்டோ எடுக்கச் சொன்னார், சிலவற்றைச் சும்மா பார்க்கச் சொன்னார். மறுநாள் கேட்டால், போட்டோ எடுத்தவற்றைவிட வெறுமனே பார்த்தவைதான் நன்றாக ஞாபகம் இருந்தன! 'அதான் கேமரா பார்த்துக்கொள்ளுமே' என்று மூளை அசந்துவிடுகிறது போலும். ஒன்றிரண்டு படம் எடுங்கள். மிச்ச நேரம் கண்ணால் பாருங்கள்.

நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன் என்ற உளவியல் அறிஞர் சொன்னது இன்னொன்று. ஓர் அனுபவத்தை நாம் எடை போடும்போது அதன் உச்ச நிமிஷமும் கடைசிப் பகுதியும்தான் மனசில் பெரிதாக நிற்கின்றன. ஆகவே சார், திரும்பி வரும்போது ஓட்டல் பில்லுக்காக வீட்டுக்காரம்மாவோடு சண்டை போடாதீர்கள்!

கிளம்பும் முன்...

* பெரியவர்களுக்குப் பார்வை மங்கலா? முதலில் கண் பரிசோதனை. புரை ஆபரேஷன் ஆனவர்கள் பயணத்துக்கு டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

* பி.பி., ஷுகர் மாத்திரைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாகக் கைப்பையில் வையுங்கள்.

* சித்திரை வெயில் பொல்லாதது. தொப்பி, குடை, தண்ணீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் அவசியம்.

* சித்ரா பௌர்ணமிக்குக் கூட்டம் அலைமோதும். ஐந்து மணிக்கே போய் இடம் பிடியுங்கள். மடக்கு நாற்காலியை மறக்காதீர்கள்.

* பாறைப் பக்கம் கடலில் இறங்க வேண்டாம்.

* படகில் விவேகானந்தர் பாறைக்குப் போக வேண்டுமானால் அதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். கடல் கொந்தளித்தால் படகு போகாது.

* ராத்திரி அங்கேயே தங்கி நன்றாகத் தூங்குங்கள். காலையில் சூரிய உதயம் போனஸ்!

கன்னியாகுமரிதான் வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊர் ஏரிக்கரையாக இருக்கட்டும், குலதெய்வம் கோயில் குன்றாக இருக்கட்டும். 'பக்கத்துலதானே இருக்கு' என்று நீங்கள் முப்பது வருஷமாகத் தள்ளிப்போட்ட இடம் ஒன்று இருக்குமே, அதுதான்.

கடல் எங்கேயும் போகாது. அடுத்த சித்திரையிலும் நிலா வரும். நம் வீட்டுப் பெரியவர்களின் முட்டும் கண்ணும்தான் காத்திருக்காது.

இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அம்மாவிடமோ அப்பாவிடமோ மெதுவாகக் கேளுங்கள்: "பார்க்கணும்னு நினைச்சுப் பார்க்காமலே விட்டது ஏதாவது இருக்கா?"

பதில் சட்டென்று வரும். காலண்டரை எடுத்துத் தேதியைக் குறித்துவிடுங்கள்.