மேல் தட்டு, கீழ்த் தட்டு

எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியில் மேல் தட்டு என்னுடையது. கீழே இருக்கும் இரண்டும் பிள்ளைகளுடையவை. மகள் எட்டாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. அவர்களுக்கென்று நான் வாங்கிப்போட்ட புத்தகங்களில் பாதி, வருஷம் திரும்புவதற்குள் சத்தமில்லாமல் மேல் தட்டுக்கு ஏறிவிடுகின்றன. ஏற்றுவது நான்தான். சிறுவர் புத்தகம் என்று சொல்லி விற்பதில் எத்தனை நிஜமாகவே சிறுவர்களுக்கானவை என்ற சந்தேகம் அப்படித்தான் வந்தது.

முதலில் ஏறியது ‘குட்டி இளவரசன்’. 1943-இல் வந்த பிரெஞ்சுப் புத்தகம். க்ரியா தமிழில் போட்டது. மகள் மூன்றாவது படிக்கும்போது சென்னைப் புத்தகக் காட்சியிலிருந்து வாங்கி வந்தேன். “மலைப்பாம்பு யானையை முழுங்குன படம் சூப்பர்ப்பா” என்றாள். அதோடு சரி. உட்கார்ந்த இடத்தில் நட்சத்திரங்களை எண்ணி எண்ணித் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் வியாபாரி ஒருவர் அதில் வருவார். ஆடிட்டர் ஆபீஸில் இருபது வருஷம் குப்பை கொட்டிய எனக்கு அந்தப் பக்கம் சுருக்கென்றது. நாற்பது வயதுக்காரனைக் குத்த எழுதியதை எட்டு வயதுக் கையில் கொடுத்தது என் தப்பு.

‘டோட்டோ-சான்’ கதை வேறு. ஜப்பானில் 1981-இல் வெளியான புத்தகம், தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு. ஒரு பள்ளியில் ‘இவளை வைத்துச் சமாளிக்க முடியாது’ என்று வெளியே அனுப்பப்பட்ட சிறுமியை, ரயில் பெட்டிகளையே வகுப்பறையாக்கி வைத்திருக்கும் டோமாயி பள்ளியில் சேர்க்கிறார்கள். தலைமையாசிரியர் கோபயாஷி அவளை முதல் நாள் எதிரே உட்கார வைத்து, நான்கு மணி நேரம் அவள் பேசுவதைக் கேட்கிறார். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகளுக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. அவளுக்குப் பிடித்தது சாப்பாட்டு நேரம். டப்பாவில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்க வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். எது இல்லையோ அதைத் தலைமையாசிரியரின் மனைவி கையோடு கொண்டுவந்து போடுவார். மறுநாள் காலையில் என் மனைவியிடம், “அம்மா, தயிர் சாதம் மலையா கடலா?” என்று கேட்டாள். அன்றிலிருந்து ஒரு வாரம் நெத்திலிக் கருவாடு கேட்டு வீட்டில் ஒரே ரகளை.

நானும் கோபயாஷி ஆகிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனை உட்கார வைத்தேன். கிரிக்கெட் வீரர்களின் பேட் எடையைப் பற்றியே பேசினான். இருபத்தைந்தாவது நிமிஷம் எனக்குக் கண் சொருகியது. என் அபிப்பிராயத்தில் டோட்டோ-சானைப் பள்ளி நூலகத்தில் வைப்பதைவிட, பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுப்பது நல்லது. ஆனாலும் அது இன்னும் கீழ்த் தட்டில்தான் இருக்கிறது. மகள் விடவில்லை.

இரா. நடராசனின் ‘ஆயிஷா’வை மட்டும் வாங்கிய அன்றே மேலே ஒளித்து வைத்தேன். கேள்வி கேட்டதற்காக அடி வாங்கும் ஒரு மாணவி, வலி தெரியாமல் இருக்கத் தன் மேலேயே பரிசோதனை செய்து பார்த்து இறந்துபோகிறாள். அறிவியல் ஆசிரியை ஒருவர் தன் புத்தகத்துக்கு எழுதும் முன்னுரையாகக் கதை வரும். போன கோடை விடுமுறையில் மகள் ஸ்டூல் போட்டு எடுத்து ஒரே மூச்சில் படித்துவிட்டாள். சாவைப் பார்த்துப் பயந்துவிடுவாளோ என்று நான் பயந்துகொண்டிருக்க, அவளுக்கு வந்தது கோபம். “அந்த டீச்சருக்கு எல்லாம் தெரியும்லப்பா? முதல்லயே ஏன் வாயத் திறக்கல?” இதற்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. எட்டாம் வகுப்புக்கு மேல் தாராளமாகக் கொடுக்கலாம் என்பது என் தீர்ப்பு. கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள், அவ்வளவுதான்.

என் பெருமைகளில் ஒன்று உடைந்த கதையையும் சொல்ல வேண்டும். முத்து காமிக்ஸ் 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. எனக்கு அது கிடைத்தது எண்பதுகளில், பழைய புத்தகக் கடையில், அட்டை கிழிந்த நிலையில். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த மனிதருக்காகச் சாப்பாட்டை மறந்திருக்கிறேன். மறுபதிப்பைத் தேடிப்பிடித்து மகனிடம் நீட்டினேன். பத்துப் பக்கம் புரட்டினான். “கரன்ட்ல கை வச்சா மறைஞ்சிருவாங்களா? நீதான சுவிட்ச் போர்டு பக்கம் போகாதங்கற?” கலரும் இல்லையாம்.

அவன் படிப்பது ‘விம்பி கிட்’. கார்ட்டூன் கிறுக்கல்களோடு ஒரு பையன் எழுதும் நாட்குறிப்பு. இங்கிலீஷில் மட்டும் விழுந்து விழுந்து படிக்கிறானே என்ற எரிச்சலில், குறை கண்டுபிடிக்கவே ஒரு ராத்திரி உட்கார்ந்து முழுதும் படித்தேன். அந்தப் பையன் சுயநலக்காரன், சோம்பேறி, நண்பனை மாட்டிவிடுகிறவன். கடைசிவரை திருந்துவதாகக் காணோம். அதுவே அதன் பலம் என்று தோன்றியது. யாரும் நடுவில் வந்து பாடம் நடத்துவதில்லை.

தமிழில் ஏன் அப்படி ஓட மாட்டேன் என்கிறது என்று அவனையே கேட்டேன். “இதுல எல்லாரும் கூறினான், வினவினான், உண்டான்னே பேசுறாங்கப்பா. நம்ம வீட்ல யாரு கூறுறா?” என்றான்.

அதனால்தான் ரஸ்கினின் ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ அவனிடம் எடுபட்டது போல. அடிக்கடி காய்ச்சலில் படுக்கும் மகளுக்காக ஒரு ரஷ்ய அப்பா தன் சின்ன வயது அசட்டுத்தனங்களைச் சொன்ன புத்தகம். காருக்கு அடியில் பந்தை வீசிய கதையை நான் வாசிக்க வாசிக்க அவன் உருண்டு சிரித்தான். அதில் ஒரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு கதை முடிந்ததும், “நீ என்னப்பா பண்ணுன?” என்று கேட்பான். நான்காம் நாளே என் சரக்கு தீர்ந்தது. அண்ணன் செய்ததையெல்லாம் என் கணக்கில் எழுதிச் சமாளித்தேன்.

எல்லாவற்றிலும் எனக்கு உசத்தி கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’. பறவை முட்டை சேகரிக்கும் வெங்கடேசு என்கிற கரிசல் காட்டுப் பையனின் கதை. மகளிடம் கொடுத்தேன், வட்டார வார்த்தையில் தடுக்கி விழுந்து திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு ராத்திரி மின்சாரம் போயிருந்தபோது, சத்தமாக நானே வாசித்தேன். எங்கள் பூர்வீகம் கோவில்பட்டிப் பக்கம். கட்டிலில் படுத்திருந்த என் அம்மா எழுந்து உட்கார்ந்தாள். “தைலாங்குருவி கூடு கட்டுறத நீ பாத்திருக்கியா தாயி?” என்று பேத்தியிடம் ஆரம்பித்தவள், எங்கள் பழைய வீட்டு உத்திரம், கண்மாய்க்கரை, கம்பங்காடு என்று போய்க்கொண்டே இருந்தாள். புத்தகம் அன்று நான்கு பக்கம்தான் நகர்ந்தது. மறுநாள் இரண்டு பிள்ளைகளும், “ஆச்சி, குருவி கதை” என்று அவள் கட்டிலில் ஏறிவிட்டார்கள். என்னை யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. அகராதி தேவைப்படும் புத்தகம் என்று அதைச் சொல்லுவார்கள். எங்கள் வீட்டில் ஆச்சி இருந்தாள், தப்பித்தோம்.

தமிழில் சிறுவர்களுக்கு எழுதுகிறவர்களிடமும் பதிப்பிக்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஐந்து வயதுக்குப் படப் புத்தகம் கிடைக்கிறது. பதினைந்துக்கு மேல் பொன்னியின் செல்வன் இருக்கிறது. நடுவில் என் மகன் வயதுக்குத் தேடினால் கையில் வருவது பெரும்பாலும் நீதிக்கதைதான். விலையைக்கூடக் குறைக்க வேண்டாம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். ‘சொன்னான்’ என்று எழுதுங்கள்.